வதக்குவதா, வறுப்பதா, பொரிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன் நிற்பவர்களுக்கு வரும் சந்தேகங்களில் பாதி வினைச்சொல்லில்தான் வருகிறது. வதக்கவும் என்று போட்டிருக்கிறதே, எவ்வளவு நேரம்? வறுக்கவும் என்றால் எண்ணெய் விடலாமா, கூடாதா? புதிதாகச் சமைக்க வருகிறவர்களும் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் இதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். நடுநாயகம் வதக்குதல். மற்றவை எல்லாம் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் அக்கம்பக்கத்துச் சொற்கள்.

வதக்குறதுன்னா சரியா என்ன பண்ணணும்?

நீர்ப்பசை உள்ள ஒரு பொருளைக் கொஞ்சம் எண்ணெயில், மிதமான சூட்டில், அதன் விறைப்பு போகும்வரை புரட்டிக்கொண்டிருப்பதுதான் வதக்குதல். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கத்திரிக்காய், கீரை எல்லாம் வதங்கும். உள்ளே இருக்கும் நீர் கசிந்து ஆவியாகப் போகப் போக, துண்டுகள் தொய்ந்து சுருங்கும். வாணலி கொள்ளாமல் அள்ளிப் போட்ட கீரை ஒரு கைப்பிடியாக அடங்குகிறதே, அதுதான் வதங்குவது.

இந்தச் சொல் ஜோடியாக வரும். வெங்காயம் வதங்குகிறது, நாம் வதக்குகிறோம். உருகு, உருக்கு மாதிரி. அதனால் 'வதக்கவும்' என்று எழுதியிருந்தால், வெங்காயம் என்ன ஆக வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காததும் இதனால்தான். நறுக்கிய அளவு, அடுப்பின் சூடு, வாணலியின் கனம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். கடிகாரத்தை விட்டுவிட்டு, வதங்கிவிட்டதா என்று வாணலியைப் பாருங்கள்.

வதக்குறதுக்கும் வறுக்குறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் வாணலியிலதானே பண்றோம்?

வாணலி ஒன்றுதான், உள்ளே போகும் பொருள் வேறு. வதக்குவது ஈரமானதை, வறுப்பது ஏற்கெனவே காய்ந்ததை. துவரம்பருப்பு, மல்லி, மிளகு, காய்ந்த மிளகாய், எள், வேர்க்கடலை, ரவை, காப்பிக்கொட்டை இவற்றில் தொய்வதற்கு ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் போய், நிறம் ஏறி, மணம் எழும்புவதுதான் வறுபடுதல். வறள், வறண்ட, வறட்சி என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வறுத்தலின் குணம் காதிலேயே கேட்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வதங்கியது மெத்தென்று இருக்கும், வறுபட்டது மொறுமொறுவென்று உடையும். மல்லி விதையை விரலால் நசுக்கினால் பொடிய வேண்டும். வெங்காயத்தை நசுக்கினால் மசிய வேண்டும்.

ரவைக்கு நெய் விடுறோமே, அப்புறமும் ஏன் வறுக்கவும்னே எழுதுறாங்க?

எண்ணெயோ நெய்யோ இருப்பதால் மட்டும் ஒரு வேலை வதக்கலாகிவிடாது. போன பதிலில் சொன்னதுதான்: ரவை காய்ந்த பொருள், அதற்கு வதங்கத் தெரியாது. ஒரு கரண்டி நெய் விட்டாலும் அது வறுபடத்தான் செய்யும். பாயசத்துக்கு நெய்யில் போடும் முந்திரியும் அப்படியே. முந்திரியை வதக்கினேன் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது தேங்காய்த் துருவல். அதில் ஈரமும் உண்டு, வறுபடும் குணமும் உண்டு. சட்னிக்கு ஒரு பிரட்டு பிரட்டி இறக்கினால் வதக்கியது; ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கும்வரை விட்டால் வறுத்தது. இரண்டும் இரண்டு சுவை. வறுத்து அரைக்க வேண்டிய குழம்புக்கு வதக்கி அரைத்தால் நிறமும் வராது, அந்த மணமும் வராது.

உருளைக்கிழங்கு வறுவல்ல எண்ணெய் நிறையவே இருக்கு, கிழங்கும் ஈரமானதுதான். அதை ஏன் வறுவல்னு சொல்றோம்?

நியாயமான கேள்வி. வறு என்ற சொல்லுக்கு அடுக்களையில் இரண்டு இடம் உண்டு. பருப்பையும் மல்லியையும் எண்ணெயில்லாமல் சூட்டில் புரட்டுவது ஒன்று. ஈரப்பொருளை எண்ணெயிலும் மசாலாவிலும் போட்டு, ஈரம் வற்றி மேல்புறம் மொறுமொறுப்பாகும்வரை கொண்டுபோவது இன்னொன்று. உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் வறுவல், கோழி வறுவல் எல்லாம் இரண்டாவது வகை.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஈரம் போய் வறண்ட முடிவு. அதனால் உருளைக்கிழங்கு முதலில் வதங்கும், வெந்து மெத்தென்று ஆகும், அப்புறம்தான் வறுபடும். தொய்ந்த நிலையிலேயே இறக்கிவிட்டால் அதை வறுவல் என்று பரிமாற மனசு வராது.

பொரிக்கிறதுன்னா எண்ணெயில முழுக வைக்கிறதுதானா?

இன்றைய பேச்சு வழக்கில் பெரும்பாலும் ஆமாம். அப்பளம், வத்தல், மீன் எல்லாம் காய்ந்த எண்ணெயில் முழுக அல்லது பாதி முழுக வேகும். அந்த எண்ணெய் சுமார் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அதனால் எண்ணெயில் போட்டதும் பொருளின் மேற்பரப்பில் உள்ள நீர் சட்டென்று ஆவியாகிச் சடசடவென்று குமிழி விடுகிறது. அந்தச் சத்தம் அடங்கி வந்தால் ஈரம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

ஆனால் பொரி என்ற சொல்லுக்கு எண்ணெய் கட்டாயமில்லை. நெல்லைச் சுடுமணலில் போட்டால் வெடித்து மலர்வதும் பொரிதான். கோழி முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவதையும் பொரிப்பது என்கிறோம். வெடிப்பு, மலர்ச்சி, உப்பல் இவை இந்தச் சொல்லோடு ஒட்டியே வருகின்றன. எண்ணெயில் விழுந்த அப்பளம் கண்முன்னே விரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அப்படின்னா பீன்ஸ் பொரியல்ல எதைப் பொரிக்கிறோம்?

பீன்ஸைப் பொரிப்பதில்லை. தாளித்து, காயைப் போட்டு வதக்கி, தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் தேங்காய் தூவுகிறோம். பெயரில் பொரி, வேலையில் வதக்கலும் வேகவைத்தலும். பொரிச்ச கூட்டும் அப்படித்தான், அதிலும் காய் எண்ணெயில் முழுகுவதில்லை. உணவின் பெயர் ஒருமுறை நிலைத்துவிட்டால், சமைக்கும் முறையோடு அதை ஒட்டவைத்துப் பார்க்க முடியாது. செட்டிநாட்டில் இதே மாதிரியான காயைத் துவட்டல் என்பார்கள். சில வீடுகளில் வெறுமனே கறி என்பார்கள். குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பில் பொரியல் என்று போடுங்கள், செய்முறையில் வதக்கவும் என்றே எழுதுங்கள்.

பொரித்த மீனா, பொறித்த மீனா? ஹோட்டல் போர்டுல ரெண்டும் பார்க்கிறேன்.

சாப்பிடுவது பொரித்த மீன். பொறித்தல் என்றால் செதுக்குதல், பதித்தல். பாண்டியர் கொடி மீன் பொறித்த கொடி. கல்லில் பொறித்தார்கள், செப்பேட்டில் பொறித்தார்கள் என்பதெல்லாம் வல்லின றகரம். வாணலியில் நடப்பதெல்லாம் இடையின ரகரம்: பொரி, பொரியல், பொரித்த. வறு மட்டும் றகரம் என்பதால்தான் கை தடுமாறுகிறது. 'வறுத்தது, பொரித்தது' என்று இரண்டையும் சேர்த்து நாலு தடவை எழுதிப் பார்த்தால் பதிந்துவிடும்.

தாளிக்கிறதும் வதக்குறதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வருது. எது எங்க முடியுது?

தாளிப்பு எண்ணெய்க்காகச் செய்வது. கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை இவற்றின் மணத்தைச் சூடான எண்ணெயில் இறக்கி, அந்த எண்ணெயை உணவு முழுக்கப் பரப்புகிறோம். சில நொடி வேலை. அதனால்தான் தாளிப்பைச் சமையலின் தொடக்கத்திலும் செய்யலாம். சாம்பார், ரசத்துக்குச் செய்வது போல முடிவில் கொட்டவும் செய்யலாம். வதக்குவது அந்தப் பொருளுக்காகவே செய்வது, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கடுகு வெடித்து அடங்கி, பருப்பு சிவந்து, வெங்காயம் உள்ளே விழும் நொடியில் தாளிப்பு முடிந்து வதக்கல் தொடங்குகிறது. 'ஸ்ஸ்' என்ற சத்தமே எல்லைக்கோடு.

கறிவேப்பிலையை வைத்து இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தாளிப்பில் போட்டால் அது பொரியும், இரண்டு நொடியில் விளிம்பு சுருண்டு கண்ணாடிபோல் மொறுக்கும். துவையலுக்கு என்றால் கொஞ்சம் எண்ணெயில் வதக்குவோம். இலை தொய்ந்து, பச்சை சற்று இருண்டு, அரைக்க இணங்கும். பொடிக்கு என்றால் எண்ணெயில்லாமல் சின்னத் தீயில் வறுப்போம். கையில் எடுத்து நொறுக்கினால் சருகாக உதிர வேண்டும். ஒரே இலை, மூன்று வினை, மூன்று முடிவு. பொடிக்கான இலையை வதக்கி நிறுத்திவிட்டால் ஈரம் தங்கி, பொடி சீக்கிரமே கெட்டுவிடும்.

'கண்ணாடி போல', 'பொன்னிறமாக', 'எண்ணெய் பிரிய'ன்னு விதவிதமா போடுறாங்க. எல்லாம் ஒரே வதக்கல்தானே?

ஒரே பாதையில் உள்ள மூன்று நிறுத்தங்கள். வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் நீர். அந்த நீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. அப்போது அது வெளிறி, ஊடுருவிப் பார்க்கும்படி ஆகும். அதுதான் கண்ணாடிப் பதம். வெள்ளைக் குருமாவுக்கு இங்கேயே நிறுத்த வேண்டும். மேலும் நீர் போன பிறகு சூடு 140 டிகிரிப் பக்கம் ஏறும்போது, வெங்காயத்தில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் புது மணமும் உண்டாகின்றன. இந்த வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்ட் பெயரால் மெயிலார்ட் வினை என்கிறார்கள். பொன்னிறம் என்பது அதன் தொடக்கம். பிரியாணி, இறைச்சிக் குழம்புகளுக்கு இது வேண்டும்.

எண்ணெய் பிரிவது தக்காளியோ அரைத்த மசாலாவோ சேர்ந்த பிறகு வருவது. தக்காளியில் 95 சதவீதத்தை ஒட்டி நீர். அந்த நீர் இருக்கும்வரை எண்ணெய் விழுதோடு கலந்து நிற்கும். நீர் வற்றியதும் விழுது சுருண்டு திரளும், ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று கசியும். கரண்டியால் விழுதை ஒருபக்கம் ஒதுக்குங்கள். அந்த இடம் தண்ணீராக ஓடினால் இன்னும் வதங்க வேண்டும். வாணலியின் அடி தெரிந்து, எண்ணெய் மட்டும் மெதுவாக ஊறி வந்தால் சரி, அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் எண்ணெய் மிகக் குறைவாக விட்டிருந்தால் பிரிவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது விழுது திரள்வதையும் அடி தெரிவதையும் மட்டும் பாருங்கள்.

பச்சை வாசனை போயிடுச்சான்னு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே வாசனையா இருக்கு.

இஞ்சி பூண்டு விழுது போட்டதும் மூக்கில் சுள்ளென்று ஏறுவது பச்சை வாசனை. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற பொருள்தான் அந்தக் காரத்துக்குப் பெரும்பகுதிக் காரணம்; சூட்டில் அது சிதைந்துவிடும். பழகாத மூக்கு குழம்பினால் கண்ணையும் காதையும் நம்புங்கள். விழுதின் ஈரச் சலசலப்பு அடங்கி, நிறம் ஒரு படி மங்கி, கரண்டியில் ஒட்டத் தொடங்கும். அடுப்பை விட்டு ஒரு நிமிடம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து முகர்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், அதே இடத்தில் நிற்கும் மூக்கு சீக்கிரம் பழகிப்போகும்.

மிளகாய்த்தூள், மல்லித்தூளுக்கு இவ்வளவு நேரம் கூடாது. காய்ந்த தூள் என்பதால் வெறும் எண்ணெயில் நொடியில் கருகும். வதங்கிய தக்காளியின் ஈரத்தில் போடுவதே பாதுகாப்பு.

வதக்கும்போது உப்பு முதல்லயே போடலாமா? மூடி வைக்கலாமா?

வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் போடலாம். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும், சீக்கிரம் தொய்யும். ஆனால் வெங்காயம் சிவக்க வேண்டுமென்றால் வெளிவந்த அந்த நீர் முழுக்க வற்றும்வரை காத்திருக்க வேண்டும். மூடி வைத்தால் ஆவி உள்ளேயே சுழலும். அது வேகவைப்பதன் பக்கம் சாய்ந்த வதக்கல். கடினமான காய்க்கு நல்லது.

வெண்டைக்காய்க்கு இரண்டுமே கூடாது. கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து, அகலமான வாணலியில், திறந்தபடி, கொழகொழப்பு வற்றும்வரை வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள்.

வாழையிலையை 'வாட்டவும்'னு இருக்கு. அதுவும் வதக்குறதுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் வேறு. வாடு, வாட்டு என்று இதுவும் ஜோடி. வாட்டுவதற்கு எண்ணெய் வேண்டாம், வாணலியும் வேண்டாம். தீக்கு மேலே காட்டி எடுத்தால் போதும். இலை பளபளத்து, மடித்தால் கிழியாமல் வளைந்தால் வாடிவிட்டது. சமைத்து முடிப்பது வாட்டலின் வேலை இல்லை, இளக்கித் தருவது மட்டும்தான். அதே தீயில் கத்திரிக்காயை வைத்துத் தோல் கருகி உள்ளே வேகும்வரை விட்டால் அது சுடுவது.

அப்போ எண்ணெயில போடுற வடையை ஏன் 'சுட்டேன்'னு சொல்றோம்?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. வழக்கைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மாவாக இருந்து, சூட்டில் போன பிறகே வடிவமோ முழுமையோ பெறுகிற பலகாரங்களைச் சுடுகிறோம்: தோசை, ஆப்பம், பணியாரம், அதிரசம், வடை. தோசைக்கல்லா, குழிக்கல்லா, எண்ணெயா என்று இந்தச் சொல் பார்ப்பதில்லை. ஏற்கெனவே தனி உருவமாக இருப்பதை எண்ணெயில் போட்டால் பொரிக்கிறோம்: மீன், வத்தல், அப்பளம். அப்பளத்தை நேராகத் தணலில் காட்டினால் மட்டும் சுட்ட அப்பளம்.

இதை இலக்கண விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வடை பொரித்தேன் என்று சொல்கிற வீடுகளும் உண்டு, அது தப்பில்லை. ஆனால் 'வடை வறுத்தேன்' என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

கிளறு, கிண்டு, புரட்டு எல்லாம் வதக்குறதுக்கு வேற வேற பேரா?

இல்லை. இவை கையின் வேலையைச் சொல்பவை. வதக்கு, வறு, பொரி மூன்றும் பொருள் என்ன ஆகிறது என்பதைச் சொல்பவை. அடியில் இருப்பதை மேலே கொண்டுவருவது கிளறுவது, உப்புமாவுக்கும் புளியோதரைக்கும் செய்வது போல. கெட்டியாக இறுகிக்கொண்டே வரும் ஒன்றைக் கை ஓயாமல் சுழற்றுவது கிண்டுவது. அல்வாவும் களியும் கேட்கும் உழைப்பு அது. துண்டுகளை மறுபக்கம் திருப்பி எங்கும் மசாலா படச்செய்வது புரட்டுவது அல்லது பிரட்டுவது. வதக்கும்போது கிளறுவோம், வறுக்கும்போதும் கிளறுவோம். கிளறிவிட்டதால் மட்டும் எதுவும் வதங்கிவிடாது. விடாமல் கிளறிக்கொண்டே இருந்தால் வெங்காயம் வாணலியில் நிலையாகப் படவே படாது, சிவக்கத் தாமதமாகும்.

அவிக்கிறது, வேகவைக்கிறது, காய்ச்சுறது?

வேகவைத்தல் பொதுச்சொல், பொருளை உள்வரை வெந்ததாக்குவது. ஆவியில் வைப்பதை அவித்தல் என்கிறோம்: இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை. முழுக் கிழங்கையும் முட்டையையும் தண்ணீரில் போட்டாலும் அவித்தது என்பதுண்டு. காய்ச்சுவது நீர்மமானதை: பால், கஞ்சி, பாகு. இதில் ஊர் வழக்கு நிறைய. யாழ்ப்பாணத்தில் கறி காய்ச்சுவார்கள், தமிழ்நாட்டில் குழம்பு வைப்பார்கள். இரண்டு அடுப்பிலும் நடப்பது ஒன்றுதான்.

வீடியோல எல்லாத்துக்கும் 'ஃப்ரை பண்ணுங்க'ன்னே சொல்றாங்க. எதை எடுத்துக்கிறது?

சொல்கிறவர் காட்டிவிடுவதால் வீடியோவில் தப்பித்துவிடுகிறது. அதையே எழுத்தில் எடுத்து எழுதும்போதுதான் சிக்கல். வெங்காயத்தை ஃப்ரை என்றால் வதக்கு, மிளகை ஃப்ரை என்றால் வறு, மீனை ஃப்ரை என்றால் மீன் எண்ணெயில் முழுகுகிறதா, கல்லில் கிடக்கிறதா என்று பார்த்துப் பொரி அல்லது வறு. பொருளை வைத்தே வினையைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று தனித்தனிச் சொற்கள் கையில் இருக்கும்போது அவற்றை ஒன்றுக்குள் திணிப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வதங்கினா வெந்த மாதிரிதானே?

எப்போதும் இல்லை. கீரைக்கும் தக்காளிக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடியும். கத்திரிக்காய் வெளியே தொய்ந்து நிறம் மாறியிருக்கும், காம்பை ஒட்டிய பகுதி பச்சையாகவே இருக்கும். அங்கே புளித்தண்ணீர் ஊற்றிவிட்டால் வேக வெகுநேரம் எடுக்கும். காயின் திசுக்களை இளகவிடாமல் புளிப்பு பிடித்து நிறுத்திவிடும். புளிக்குழம்புக்கு முக்கால் பதமாவது வேகும்வரை வதக்கச் சொல்வது இதற்காக. காம்புப் பக்கத்தில் கரண்டி முனையை அழுத்தினால் தடையின்றி இறங்க வேண்டும்.

எண்ணெயே இல்லாம வதக்க முடியுமா? டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லிட்டார்.

வதங்க வைக்கலாம், சிவக்க வைப்பதுதான் கஷ்டம். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் நீர் என்பதால் வெறும் வாணலியில் போட்டாலே தன் நீரிலேயே வதங்கிவிடும். வெங்காயத்தைக் கனமான வாணலியில், சின்னத் தீயில், உப்புச் சேர்த்து, ஒட்டும்போதெல்லாம் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறினால் கண்ணாடிப் பதம் வந்துவிடும். அடியில் படியும் பழுப்பைத் தெளித்த தண்ணீரில் கரைத்துக்கொண்டே போனால் கொஞ்சம் நிறமும் ஏறும். எண்ணெய் பிரியும் அடையாளம் இதில் கிடைக்காது, அடி தெரிவதை வைத்து முடிவுசெய்யுங்கள். தாளிப்புக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஒதுக்கி, கடைசியில் மேலே கொட்டினால், அந்தக் கொஞ்ச எண்ணெயின் மணம் முழுவதும் சாப்பிடும்போது தெரியும்.